டேப்பும் கொம்பும்

மிளாவின் கொம்பை அளக்க எஃகு டேப் வேண்டும். துணி டேப் ஈரம் பட்டால் சுருங்கும். சுருங்கிய டேப்பில் கொம்பு நீண்டுவிடும். பல துரைமார்களுக்கு அது வசதியாகவே இருந்திருக்கும். கொம்பு தலையோடு சேரும் இடத்தில் முண்டும் முடிச்சுமாக ஒரு வளையம் உண்டு. டேப்பின் நுனியை அந்த வளையத்தின் அடிவிளிம்பில் பிடித்து, வெளிப்பக்க வளைவோடு படியவிட்டு, உச்சிக் கவட்டில் எந்தக் கிளை நீளமோ அதன் முனை வரை கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகு கொம்பின் சுற்றளவு, இரண்டு கொம்புக்கும் நடுவே உள்ள அகலம். லண்டனில் மிருகங்களைப் பாடம் செய்யும் கடை வைத்திருந்த ரோலண்ட் வார்டு 1892இல் உலகத்துக் கொம்புகளையெல்லாம் அளந்து ஒரு பதிவேடு போட்டார். அதில் பெயர் வரவேண்டும் என்பதற்காகவே இந்தியக் காடுகளில் திரிந்தவர்கள் உண்டு. அவர்கள் விட்டுப்போன தலைகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

நான் தாராவியில் வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப் வேலைக்கு வந்த கூட்டத்தில் ஒருவர். பாந்த்ராவில் கசாப்புக்கூடம் இருந்தவரை பச்சைத்தோல் அங்கிருந்து எங்களுக்கு வரும். 1971இல் அது தேவ்னாருக்குப் போனது. பின்னாலேயே பதனிடும் ஷாப்புகளும் ஒவ்வொன்றாக ஊரைவிட்டு வெளியேற, தாராவியில் பை, பெல்ட், பர்ஸ் தைக்கிற வேலைதான் தங்கியது. எனக்குத் தையலில் பொறுமை கிடையாது, தோலின் குணம் தெரியும். எது சுருங்கும், எது விறைக்கும், எது மழைக்கு ஊறும் என்று கைவைத்தால் சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் உஸ்தாத் என்னை எடுத்துக்கொண்டார். அவர் மைசூரில் தொழில் கற்றுக்கொண்டு பம்பாய் வந்தவர், தக்னி உருது பேசுவார். "பேட்டா, மிருகம் செத்து அம்பது வருஷம் ஆச்சு, ஆனா தோல் இன்னும் சாகல்ல. மழை வந்தா மூச்சு விடும்" என்பார்.

உண்மைதான். பம்பாயில் ஜூன் பிறந்தால் சுவரில் மாட்டிய தலைகள் ஈரத்தைக் குடிக்கும். நவம்பரில் அந்த ஈரம் காயும். இப்படி வருஷா வருஷம் உப்பிச் சுருங்கி, முதலில் கண்ணோரம் வெடிக்கும், பிறகு உதடு, பிறகு கழுத்துத் தையல். காதுக்குள் வைத்த அட்டை வளைந்து காது தொங்கிவிடும். தோல் வண்டு புகுந்தால் முடி கொத்துக் கொத்தாக உதிரும். பழைய காலத்தில் வண்டு வராமலிருக்கத் தோலின் உட்பக்கம் ஆர்சனிக் சோப்பு பூசுவார்கள். அதனால் கையுறை இல்லாமல், மூக்கைக் கட்டாமல் எந்தத் தலையையும் பிரிக்கக் கூடாது. உஸ்தாத் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். வெளுத்த கொம்புக்கு நிறம் ஏற்றப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் துணியில் தொட்டுப் பூசுவோம். முதலில் ஊதாவாக இருக்கும். காய்ந்தால் காட்டு நிறத்துக்கு இறங்கும். கிளை நுனிகளை மட்டும் தேய்த்து வெள்ளையாக விட வேண்டும், உயிரோடிருக்கும் மான் மரத்தில் உரசி அப்படித்தான் வைத்திருக்கும்.

வேலைக்கு வந்த தலைகளில் நிறைய மைசூர் வான் இங்கன் கம்பெனியின் சரக்கு. 1900 வாக்கில் தொடங்கி 1999இல் மூடிய கம்பெனி. காகிதக் கூழில் வார்த்த உருவத்தின்மேல் தோலைப் போர்த்துவார்கள். அந்தத் தலைகளைப் பிரித்தவனுக்கு மற்றவர்கள் செய்ததைப் பார்க்கவே பிடிக்காது. கன்னத்துத் தசை, கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பிக் குழி எல்லாம் இருக்கும். கொம்போடு சேர்ந்த மண்டையோட்டுத் துண்டை மட்டும் அறுத்து, மரக்கட்டையில் திருகி, உருவத்துக்குள் இறக்கியிருப்பார்கள். தலையை முழுசாகப் பழுது பார்க்க வேண்டுமென்றால் அந்தத் துண்டு வரைக்கும் பிரித்தாக வேண்டும். அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

மானின் கொம்பு எலும்பு. மாட்டுக்கொம்புபோல நிரந்தரமானதல்ல, விழுந்து முளைப்பது. அது முளைக்கும் இடத்தில் மண்டையோட்டிலிருந்து ஒரு அடிக்கட்டை எழும்பி நிற்கும். நாங்கள் அதை முளை என்போம். ஒவ்வொரு முறை கொம்பு விழும்போதும் முளையிலிருந்து கொஞ்சம் எலும்பையும் கூட்டிக்கொண்டு விழும். அதனால் இளம் மானின் முளை ஒல்லியாக உயர்ந்திருக்கும். வயதான மானின் முளை தடித்துக் குட்டையாகி, வளையம் ஏறக்குறைய மண்டையோட்டிலேயே உட்கார்ந்துவிடும். சுவரில் மாட்டிய தலையில் இது தெரியாது, முடி மறைத்துவிடும். பிரித்தவனுக்குத்தான் தெரியும்.

கொம்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். முதல் கொம்பு வெறும் முள். பிறகு வருஷா வருஷம் ஏறும். நல்ல பருவத்தில் உச்சத்துக்குப் போகும். கிழடு தட்டினால் இறங்கும். நல்ல மேய்ச்சல் கிடைத்த வருஷம் நீளும், வறண்ட வருஷம் குறையும். பித்தளைத் தகட்டில் அளவையும் தேதியையும் பொறித்து, அரண்மனைக் கூடத்தில் நடுநாயகமாக மாட்டியிருந்த நெடுங்கொம்பு மிளாவைப் பிரித்தால், உள்ளே முளை ஒல்லி. இன்னும் நான்கைந்து வருஷம் வாழ்ந்திருக்க வேண்டிய வாலிபன். படிக்கட்டு மூலையில் யாரும் பார்க்காத குட்டைக் கொம்புத் தலையைப் பிரித்தால் முளை என் கட்டைவிரலைவிடத் தடிமன், வளையம் மண்டையில் பதிந்திருக்கும். அது போகவேண்டிய காலத்தில் போன கிழவன். இப்படி மாறி மாறிப் பார்த்த பிறகு, கொம்பின் நீளத்தை வைத்துச் சட்டம் போட்டவர்கள்மேல் எனக்கு மரியாதை குறைந்துபோனது.

அப்படிச் சட்டம் போட்டது வெள்ளைக்காரன் காலத்து வனப்பிரிவுகள். பெர்மிட்டில் இத்தனை தலை, இந்த மாசத்திலிருந்து இந்த மாசம், பெட்டையைச் சுடாதே, இத்தனை அங்குலத்துக்குக் கீழே உள்ள கொம்பனைச் சுடாதே என்றெல்லாம் இருக்கும். அமெரிக்காவில் இதையே கிளைகளை எண்ணிச் செய்கிறார்கள். நம் ஊரில் அது செல்லாது. மிளாவுக்கும் புள்ளிமானுக்கும் வளர்ந்த பிறகு ஒரு கொம்புக்கு மூன்று கிளைதான், கடைசி வரைக்கும் அதே மூன்று. ஐந்து வயதும் பத்து வயதும் எண்ணிக்கையில் ஒன்று. பாரசிங்கா மாதிரி நிறையக் கிளை விடும் மான் வேறு கதை. அதனால்தான் இங்கே அங்குலம் வந்தது.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எனக்கொரு வாடிக்கைக்காரர் இருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. மாமனார் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் வழியாக வந்த இரண்டு மிளாத் தலைகளும் ஒரு வரையாட்டுத் தலையும் வீட்டில் இருந்தன, மூன்றுக்கும் காகிதம் சரியாக இருந்தது. மழைக்கு முன்னால் நான் போய்ப் பார்ப்பது வழக்கம். கதவைத் திறக்கும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "தலைவலி டாக்டர் வந்தாச்சு, காபி போடு!" மாமிக்கு அந்தத் தலைகளைக் கண்டாலே ஆகாது. பூஜையறைக்கு எதிர்ச்சுவரில் மாட்டக் கூடாது என்று சண்டைபோட்டு அவற்றைப் படிப்பறைக்கு விரட்டியிருந்தார்.

சாரிடம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பழைய இதழ்கள் பைண்டு செய்து இருந்தன. 1883இல் தொடங்கிய கழகம். ஆரம்பத்தில் ஃபோர்ப்ஸ் தெருவில் ஃபிப்சன் என்ற ஒயின் வியாபாரியின் கடையில்தான் அதன் சேகரிப்பு இருந்தது என்று சார் சொல்லிச் சிரிப்பார். பின்னாளில் அதன் காப்பாளராக இருந்து இந்தியப் பாலூட்டிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிராட்டர் பிறந்தது நீலகிரியில். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் காதுக்குள் அட்டை மாற்றிக்கொண்டிருக்க, சார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்துத் தமிழில் சொல்வார். தொழிலில் கை கற்றது உஸ்தாத்திடம். சட்டமும் சரித்திரமும் அந்தப் படிப்பறையில் கிடைத்தவை.

நீலகிரிக் கதையை அப்படித்தான் கேட்டேன். வெலிங்டன் பட்டாளத்தாரும் தோட்டக்காரர்களும் மிளாவைப் பெட்டை, குட்டி என்று பாராமல் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிலேயே சிலர் 1877இல் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1879இல் மதராஸ் அரசு நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குக்கும் மீனுக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டது. லைசென்ஸ், மூடு காலம், தலைக்கணக்கு எல்லாம் வந்தன. ஃபைத்தியன்-ஆடம்ஸ் என்ற பட்டாளத்து மேஜர் 1939இல் அந்தச் சங்கத்தின் அறுபது வருஷத்தைக் கழகத்து இதழில் எழுதியிருக்கிறார். சங்கம் பின்னாளில் வனவிலங்குச் சங்கமாகப் பெயரை மாற்றிக்கொண்டது. வரையாட்டைத் தேடித் தேடி எண்ணிய குன்னூர் வக்கீல் தாவிதார் அதில் இருந்தவர்தான்.

அந்தச் சங்கத்தின் வரையாட்டு விதி எனக்குப் பிடித்த விதி. முதுகு வெளுத்த கிடாவை மட்டும் சுடலாம். வரையாட்டுக் கிடா வளர வளரக் கறுக்கும். முழு வளர்ச்சி அடைந்த பிறகுதான் இடுப்புக்கு மேலே சேணம் போட்டதுபோல வெள்ளை படரும். இங்கிலீஷில் அதற்குச் சேண முதுகு என்றே பெயர். அது வயசின் அடையாளம். மழை குறைந்தாலும் மேய்ச்சல் கூடினாலும் மாறாது. எதிர்ப்பாறையிலிருந்து பார்த்தாலும் தெரியும், டேப் வேண்டாம். கொம்பளவை நம்பிய விதிகளுக்கு நடுவில், முளையைப் பார்ப்பதற்குச் சமமான விதி அது ஒன்றுதான். யார் யோசித்தார்களோ, மிருகத்தை நன்றாகப் பார்த்தவராக இருக்க வேண்டும். இன்று வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 இருந்தன, அதற்கு முந்தைய வருஷம் 1,031. சுடும் விதியால் வந்த எண்ணிக்கை இல்லை இது. ஆனாலும் மொத்தமாக அழியாமல் இன்று வரை வந்து சேர்ந்ததில் அந்தப் பழைய விதிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அதே சங்கத்தின் இன்னொரு வேலையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செந்நாயைக் கொன்றால் பரிசு! மானைச் செந்நாய் தின்றால் துரைக்குக் குறையுமாம். "இந்தச் சட்டம் மானைக் காப்பாத்தினதா, வேட்டையைக் காப்பாத்தினதா?" என்று சார் கேட்டார். "ரெண்டையும்தான் சார். ஆனா மான் ரெண்டாவது" என்றேன். அவர் அதைப் பென்சிலால் இதழின் ஓரத்தில் எழுதிவைத்தார்.

பம்பாய்க்கு 1951இல் தனியாக ஒரு வனவிலங்கு, வனப்பறவைச் சட்டம் வந்தது. வேட்டையைப் பெருசு, சிறுசு என்று வகைபிரித்து லைசென்ஸ் கொடுத்தார்கள். நாடு முழுக்க 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் வேட்டையை அடியோடு நிறுத்தவில்லை. லைசென்ஸ் இருந்தது, கூடவே குட்டியைச் சுடாதே, பெட்டையைச் சுடாதே, கொம்பில் இன்னும் தோல் உரியாத மானைச் சுடாதே என்ற விதியும் இருந்தது. புதுக்கொம்பு வளரும்போது மேலே முடிபடர்ந்த தோல் போர்த்தியிருக்கும், உள்ளே ரத்தம் ஓடும். அதைப் பாடம் செய்வதும் சிரமம், அழுகிவிடும். இந்த விதியில் கருணை எவ்வளவு, சுவருக்கு ஆகாத சரக்கு என்ற கணக்கு எவ்வளவு என்று யோசித்தால், எங்கள் தொழிலில் இருப்பவன் இரண்டாவதைத்தான் சொல்வான். 1991 திருத்தத்தில் லைசென்ஸ் பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள். அன்றோடு விளையாட்டு வேட்டை முடிந்தது.

எங்கள் பிழைப்பு அதற்கு முன்பே தேய ஆரம்பித்திருந்தது. பாடம் செய்பவனுக்கும் லைசென்ஸ், வைத்திருப்பவனுக்கும் உரிமைச் சான்று. 2003 ஏப்ரலில் அரசு கடைசியாக 180 நாள் அவகாசம் கொடுத்தது. அறிவிக்காமல் வைத்திருக்கும் தலை, தோல், தந்தம் எதுவானாலும் வந்து எழுதிக்கொடுங்கள் என்றது. அந்த மாசங்களில் எனக்கு வந்த போன்கள் எல்லாம் ஒரே கேள்வி. தாத்தா வாங்கியதா சுட்டதா தெரியாது, பரணில் இருக்கிறது, என்ன செய்ய? எழுதிக்கொடுங்கள் என்றேன். எழுதிக்கொடுத்தவர்களுக்குத் தலை மிஞ்சியது. பயந்து பேசாமல் இருந்தவர்கள் பிறகு ராத்திரியில் மூட்டை கட்டிக்கொண்டு என் கார்கானா வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே விடமாட்டேன். காகிதம் இல்லாத கொம்பைத் தொட்டால் நான்தான் முதல் குற்றவாளி. தானாக விழுந்த கொம்பு ஆயிற்றே, காட்டுப் பாதையில் கிடந்தது, யாரையும் கொல்லவில்லையே என்று மலையேறும் பிள்ளைகள் வாதிடுவார்கள். அதுவும் எடுக்கக் கூடாது தம்பி, திரும்பப் போட்டுவிடு என்பேன். அது அங்கேயே கிடந்தால் முள்ளம்பன்றி கடித்துச் சுண்ணாம்புச் சத்து எடுத்துக்கொள்ளும். விழுந்த கொம்பென்று சொல்லித்தான் ஒரு காலத்தில் டன் டன்னாகக் கப்பலேறியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்கு நம் மிளாக் கொம்பில்தான் பிடி. எது விழுந்தது, எது வெட்டியது என்று துண்டு போட்ட பிறகு யார் பார்க்க முடியும்? 1990களின் கடைசியில் ஏற்றுமதியை நிறுத்தினார்கள்.

புது மிருகத்தைப் பாடம் செய்ய இப்போது பம்பாயில் முறையான இடம் ஒன்று இருக்கிறது. போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009இல் கால்நடை மருத்துவர் சந்தோஷ் கெய்க்வாட் பொறுப்பில் தொடங்கியது. மிருகக்காட்சி சாலையிலும் காட்டிலும் தானாகச் செத்தவற்றை மியூசியங்களுக்காகச் செய்கிறார்கள். புலியின் கழுத்தை அவர் அமைத்த விதத்தைப் பார்த்துவிட்டு உஸ்தாத் இருந்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஃபைபருக்கு மாறிவிட்டேன். சிலிகான் அச்சு, ரெசின், கோபால்ட், ஹார்டனர், கண்ணாடி நார்ப் பாய். தாராவியில் இவ்வளவும் ஒரே சந்தில் கிடைக்கும். சினிமா செட்டுக்குப் போகும் ஜமீன் வீட்டுத் தலைகளும் ரிசார்ட் வரவேற்பறைத் தலைகளும் என் கைவேலை. செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோ இருந்தவரை அந்தப் பக்கம் போக்குவரத்து அதிகம். 2017இல் தீப்பிடித்து, பிறகு நிலமே கைமாறிப்போனது. ஒரு கலை இயக்குநரின் உதவியாளர், மதுரைப் பையன், ஒருநாள் போனில் படம் அனுப்பிவிட்டு நேரிலேயே வந்தான்.

"அண்ணே, இதே மாதிரி ஆறு தலை வேணும். பன்னண்டு கிளை இருக்கணும்."

"தம்பி, கதை எங்க நடக்குது?"

"சிவகங்கை ஜமீன்ணே. 1930."

"இது அமெரிக்கா எல்க். சிவகங்கைக்காரர் கப்பல்ல போயா சுட்டாரு? நம்ம மிளாவுக்கு மூணு கிளைதான்."

"மூணு கிளைன்னா கேமராவுக்கு வெறிச்சுன்னு இருக்கும்ணே. டைரக்டர் திட்டுவாரு."

கடைசியில் எட்டுக் கிளைக்கு இறங்கி வந்தான். காசு கொடுப்பவன் கேட்டதைச் செய்தேன். படம் ஓடவில்லை. கொம்பால் இல்லை.

கிளை எண்ணும் ஊர்க்கதையை எனக்குச் சொன்னவன் என் அக்கா மகன். பிட்ஸ்பர்க்கில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே போன புதிதில் அவன் காரில் மான் வந்து மோதி முன்பக்கம் நொறுங்கிப்போனது. "மாமா, இங்க மான் நம்ம ஊர் தெருநாய் மாதிரி. எங்க பாத்தாலும் நிக்குது" என்றான். கொம்பு என் தொழில் என்பதால் அந்த மாநிலத்து வேட்டை விதிப் புத்தகம் ஒன்றை வாங்கி அனுப்பிவைத்தான். படங்களோடு இருந்தது. இந்தப் பக்கம் மூன்று முனை இருந்தால் சுடலாம், மேற்குப் பக்க மாவட்டங்களில் நான்கு முனை வேண்டும் என்று.

சாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் தேடிப் படித்தார். பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியாவில் 1907இல் பெட்டையைச் சுடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அப்போது மானே அற்றுப்போயிருந்த காலம், சட்டம் சரி. அதற்குள் ஓநாயும் மலைச்சிங்கமும் அங்கே தீர்ந்துவிட்டன. மான் பெருகியது, காட்டில் கன்றுமரம் எழும்ப விடாமல் மேய்ந்தது, பனிக்காலத்தில் பட்டினி கிடந்து செத்தது. பெட்டையைச் சுட அனுமதி கொடுத்தாலும் வேட்டைக்காரர்கள் கேட்கமாட்டார்கள், பெட்டை புனிதம் என்ற எண்ணம் பரம்பரையாக வந்துவிட்டது. ஆண்களையோ கொம்பு முளைத்த முதல் வருஷமே சுட்டார்கள். சுட்ட கிடாக்களில் பெரும்பகுதி ஒன்றரை வயசுக் குட்டிகள். 2002இல் கேரி ஆல்ட் என்ற அரசாங்க உயிரியலாளர் இரண்டு விதியையும் சேர்த்துக் கொண்டுவந்தார். கிளை குறைந்த வாலிபனை விடு, பெட்டையை அதிகமாகச் சுடு. முதல் விதியை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள், பெரிய கொம்பு கிடைக்கும் அல்லவா! இரண்டாவதுக்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 2004 கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

எண்ணிக்கையைக் குறைத்தது அந்த இரண்டாவது விதிதான். தேவ்னார் மண்டிக்கு ஆடு கொண்டுவரும் எவனைக் கேட்டாலும் சொல்வான்: கிடாவை விற்றால் மந்தை குறையாது, பெட்டையை விற்றால்தான் குறையும். ஒரு கிடா பல பெட்டைகளுக்குப் போதும். கிடாக்களில் பாதியைச் சுட்டாலும் அடுத்த வருஷம் குட்டி குறைவதில்லை. கொம்பை வைத்து எழுதும் எந்த விதியும் எந்தக் கிடா சாகவேண்டும் என்று தீர்மானிக்கும், அவ்வளவுதான். எத்தனை மான் பிழைத்திருக்கும் என்பதைப் பெட்டையும் புலியும் தீனியும் தீர்மானிக்கும். அந்தமானில் வெள்ளைக்காரன் காலத்தில் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. தீவுக் காட்டின் இளங்கன்றுகளை அது தின்று தீர்க்கிறது. போரிவலியில் அதே புள்ளிமான் இருக்கிறது, சிறுத்தையும் இருக்கிறது, மானால் காட்டுக்கு இடைஞ்சல் என்று யாரும் மனுப் போடவில்லை.

மிசிசிப்பி மாநிலத்துக் கதையை சார் வாசித்தபோதுதான் நான் கைவேலையை நிறுத்தினேன். அங்கே 1995இல் நான்கு முனைக்குக் குறைந்த கிடாவைச் சுடக் கூடாது என்றார்கள். சில வருஷத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து பார்த்தால், பல இடங்களில் அதே வயசுக் கிடாக்களின் கொம்பு முன்பைவிடச் சிறுத்திருந்தது. காரணம், இளம் வயசிலேயே நல்ல கொம்பு விட்டவன் முதலில் சாகிறான். சோதாக்கொம்பன் சட்டத்தின் நிழலில் வளர்கிறான். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மவுண்டன் என்ற மலையில் காட்டுச் செம்மறிகளையும் முப்பது வருஷம் அளந்திருக்கிறார்கள். கொம்பு இவ்வளவு சுருண்டிருந்தால் சுடலாம் என்ற விதி. கொம்பு தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போனதை 2003இல் எழுதினார்கள்.

"நீ முளை முளைன்னு சொல்லிண்டிருந்தியே, அதான் இது" என்றார் சார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஒல்லி முளையும் நெடுங்கொம்புமாக நான் பிரித்த தலைகள், பெர்மிட்டில் எழுதிய அங்குலத்தைச் சீக்கிரமே தொட்டுவிட்ட குற்றத்துக்காகச் செத்தவை.

இப்போது நம் நாட்டில் பேச்சு மறுபடி சுடுவது பக்கம் திரும்பியிருக்கிறது. இந்த முறை சுவருக்காக இல்லை, வயலுக்காக. பீகாரில் 2015 டிசம்பரில் மத்திய அரசு நீல்காயையும் காட்டுப்பன்றியையும் சில மாவட்டங்களில் தொல்லை விலங்கு என்று ஒரு வருஷத்துக்கு அறிவித்தது. 2016 ஜூனில் மொகாமா பக்கம் வெளியிலிருந்து வந்த சுடுவோர் இருநூறுக்கும் மேற்பட்ட நீல்காயைச் சுட்டார்கள். தில்லியில் மேனகா காந்தியும் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜவடேகரும் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். நீல்காய் மான் இனமில்லை. கிடாவுக்கு ஒரு சாண் அளவில்தான் கொம்பு. அதன் தலையைப் பாடம் செய்யச் சொல்லி வந்தவர்கள் ரொம்பக் குறைவு. சுவருக்கு ஆகாத மிருகம் என்பதால்தானோ என்னவோ, அதற்கு ஒரு ஒழுங்கான விதியும் எழுதப்படவில்லை: எந்த வயசு, கிடாவா பெட்டையா, ஒரு மாவட்டத்தில் எத்தனை மிஞ்சவேண்டும், எதுவும் இல்லை. டேப்பை வைத்து அளந்த துரைகளிடம் குறை நிறைய, ஆனால் மூடு காலமாவது இருந்தது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஓர் ஏற்பாடு அறிவித்தார்கள். காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விடவேண்டும். மூன்றுக்கு மேலே வந்ததை வனத்துறையினர் சுடலாம். மிருகத்தின் மேல் டேப்பை வைக்காமல் நிலத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. ஆனால் பன்றி ஒரு ஈற்றில் நான்கும் ஆறும் போடும். பிடித்து விடுகிற கணக்குக்கும் சுடுகிற கணக்குக்கும் முன்னால் ஊருக்கு எத்தனை இருக்கிறது என்று யாராவது எண்ண வேண்டும்.

களக்காட்டுப் பக்கம் வாழை வைத்திருக்கும் சித்தப்பா மகனிடம் இதைப் போனில் சொன்னேன். அவன் தோட்டத்துக்கு மலையடிவாரம் கூப்பிடு தூரம், ஒரு கிலோமீட்டருக்குள் வரும். பன்றியோடு மிளாவும் இறங்குகிறது.

"அப்ப எனக்கு ஒண்ணும் கிடையாது, அப்படித்தானண்ணே?"

"சுடுறதுக்குக் கிடையாதுடே. நஷ்டத்துக்கு எழுதிக் குடு."

"அத வருஷா வருஷம் எழுதுதேன். உங்கிட்ட ஃபைபர்ல ஒரு புலி இருந்தா அனுப்பு, வரப்புல நிப்பாட்டுதேன்."

அளவு கேட்டேன். சீரியஸாகத்தான் கேட்கிறான்போல. வாழைத்தாருக்கு மேலே தலை தெரிகிற மாதிரி ஆறடி உயரம் வேண்டுமாம். புலி அவ்வளவு உயரம் கிடையாது என்று சொன்னால், அந்த மதுரைப் பையன் மாதிரியே இவனும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறான்.